மங்கள இசை குறித்த மனு

ஒலி மாசு விதிகள் இரண்டாயிரம், விதி ஐந்து: இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. மூடிய கட்டடத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி என்றால் விதிவிலக்கு உண்டு. எங்கள் வீட்டுக்கும் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கும் இடையே ஒரு வாய்க்காலும் ஒரு முருங்கை மரமும்தான். மண்டபத்தின் மாடியில் தகரக் கொட்டகை. அதற்குக் கூரை உண்டு, மூன்று பக்கம் சுவர் கிடையாது. அதை மூடிய கட்டடம் என்று ஒருவர் சொன்னால், அவர் கட்டடத்தைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க வேண்டாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பொதுக்கட்டட உரிமம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். 'சி ஃபார்ம்' என்று சொல்வோம். அதனோடு வரைபடம் இருக்க வேண்டும், வரைபடத்தில் இருப்பதுதான் தரையிலும் இருக்க வேண்டும். இந்த மண்டபத்தின் வரைபடத்தில் இரண்டு தளங்கள். தகரக் கொட்டகை அதில் இல்லை. ஆனால் வரவேற்பு முடிந்ததும் டி.ஜே. நடப்பது அங்கேதான்.

எனக்கு ஒரு காது ஏற்கெனவே மந்தம். பிரச்சினை என் மனைவிக்கு. இரண்டு வருடமாக அவளுக்குத் தலைசுற்றல். காதுக்குள் ஏதோ நீர்க்கோளாறு என்றார் டாக்டர். மாத்திரையைவிடத் தூக்கம் முக்கியம், தூக்கம் கெட்டால் விழுந்துவிடுவார்கள் என்றார். தை மாதத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை, சமையலறை வாசற்படியில் விழுந்தாள். முழங்கையில் மட்டும் அடி. திருச்சியில் இருக்கும் மகள் போனில், "அம்மாவ இங்க அனுப்பிடுங்கப்பா" என்றாள். இவளுக்கு மனமில்லை. நாற்பது வருடம் புழங்கிய அடுப்பங்கரையை விட்டு, லிஃப்ட் வைத்த வீட்டில் போய் என்ன செய்வது என்பாள்.

எனவே மனு எழுதினேன். காலை நாதஸ்வரத்தின் மீது எனக்குப் புகார் இல்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். தஞ்சாவூரில் இருந்துகொண்டு அதை எதிர்த்து எழுதினால் ஊரே சிரிக்கும். இரண்டாம் பத்தியில்தான் விஷயம்: "இரவு பன்னிரண்டு மணி வரை மாடிக் கொட்டகையிலிருந்து எழுப்பப்படும் பேரிரைச்சல்." வரைவு என்னுடையது. என் கை நடுங்கும் என்பதால் சுத்தப் பிரதியை என் மனைவி எழுதினாள். அவள் எழுத்து குண்டு குண்டாக, கோலப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுத்தப் பிரதியை வரைவோடு வைத்து ஒருவர் வாசிக்க, ஒருவர் சரிபார்த்து, 'ஒப்புநோக்கப்பட்டது' என்று சுருக்கொப்பம் இட வேண்டும். முப்பத்தைந்து வருடம் இதற்காக இளநிலை உதவியாளர்களை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அன்று ஒப்புநோக்கவில்லை.

மனுவில் எதிர்வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உரக்கடை வைத்திருக்கிறார். அவரும் தூங்காமல்தான் கிடந்தார்.

"கையெழுத்துதானே, போட்டாப் போச்சு" என்றார். "ஆனா வைகாசில பொண்ணுக்கு அங்கதாண்ணே தேதி புடிச்சிருக்கேன். அது முடியட்டும், ரெண்டு கையெழுத்தாப் போடுறேன்."

"ஒண்ணுக்கே வழியக் காணோம்" என்றேன்.

மாசியில் ஒரு நாள் மண்டபத்து மேனேஜர் வந்தார். கையில் தட்டு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. பழத்தோடு வருபவரை நான் நம்புவதில்லை. பதவியில் இருந்தபோது பழத்தோடு வந்த யாரும் பழத்தைக் கொடுப்பதற்காக மட்டும் வந்ததில்லை.

"சார், மனுவப் படிச்சேன். என்னா தமிழ் சார்!" என்றார்.

எனக்கு ஆச்சரியமில்லை. மனு வந்தால் எதிர்த் தரப்புக்கு நகல் அனுப்பி விளக்கம் கேட்பார்கள். நானே ஆயிரம் முறை அனுப்பியிருக்கிறேன்.

"மங்கள இசைன்னு போட்டிருக்கீங்க பாருங்க, மொதலாளி படிச்சிட்டு உருகிட்டாரு. சார் மாதிரி பெரியவங்க பக்கத்துல இருக்கறது நம்ம பாக்கியம்ன்னாரு."

"நான் அப்படி எழுதல. பேரிரைச்சல்ன்னு எழுதினேன்."

"சார் தன்னடக்கமாப் பேசுறீங்க. உங்க வார்த்தையத்தான் அப்படியே எங்க விளக்கத்துல எழுதிக் குடுத்திருக்கோம். மனுதாரரே மங்கள இசைன்னு ஒத்துக்கிட்டாருன்னு."

தட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கோப்பை எடுத்து வரைவைப் பார்த்தேன். பேரிரைச்சல் என்றுதான் இருந்தது. ஆக, மனுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். முதலில் பதிவு எழுத்தரைச் சந்தேகித்தேன். மனுவை வாங்கும்போது அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு உரக்கடைக்காரரை, வரைவை அவரிடம்தான் படித்துக் காட்டியிருந்தேன். அந்த வாரம் முழுவதும் அவர் "என்னண்ணே, சாப்ட்டாச்சா?" என்று கேட்டதற்குக்கூட நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

யோசிப்பது ஆதாரமாகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், என் மனுவின் நகல் வேண்டுமென்று விண்ணப்பித்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு முறை படித்தாள்.

"சார், இது உங்க மனுதான?"

"ஆமாம்மா."

"உங்க மனுவயே உங்களுக்குக் குடுக்கச் சொல்றீங்க?"

"நான் குடுத்தது இதுதானான்னு பாக்கணும்."

பங்குனியில் நகல் வந்தது. எழுத்தரின் கை அதில் இல்லை. அடித்தல், திருத்தல், மேலெழுத்து எதுவும் இல்லை. குண்டு குண்டான எழுத்தில், கோலப் புள்ளி போல, "எழுப்பப்படும் மங்கள இசை" என்று இருந்தது. அடுத்த வரி: "மேற்படி மங்கள இசையால் என் மனைவி தலைசுற்றி விழுந்துள்ளார்."

காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள்.

"ஏன்?"

"கல்யாண வீட்டு மேளத்தப் போய்ப் பேரிரைச்சல்ன்னு எழுத எனக்குக் கை வரலைங்க. யாரோ பெத்த பொண்ணு மாலையும் கழுத்துமா நிக்கிற எடம். அங்க நம்ம வாயால அப்படி ஒரு வார்த்தை விழணுமா?"

"மேளம் காலையில. இது ராத்திரி, டி.ஜே."

"அதுவும் அதே கல்யாணந்தான?"

"விழுந்தது நீ."

"விழுந்தது நான்தான். அதுக்காக அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?"

அரிசித் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். முன்பெல்லாம் சுவரைப் பிடிக்க மாட்டாள்.

சித்திரையில் இரண்டாவது மனு கொடுத்தேன். இம்முறை நடுங்கும் கையாலேயே எழுதினேன். டாக்டர் சீட்டின் நகல், வரைபடத்தில் கொட்டகை இல்லாத விவரம், எல்லாம் இணைத்தேன். முகூர்த்த நாள் இரவில் நேரில் தணிக்கை செய்ய வேண்டும் என்று கோரினேன். ஒப்புநோக்கப்பட்டது என்று நானே எழுதி, நானே சுருக்கொப்பமும் இட்டேன்.

வைகாசியில் தணிக்கைக்கு யாரும் வரவில்லை. உரக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் ஊரே வந்தது. நாங்களும் போனோம், மொய் எழுதினோம். இரவு டி.ஜே. பன்னிரண்டரை வரை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், அவர் சொன்ன இரண்டு கையெழுத்தை நினைவூட்டினேன்.

"போடாம எங்கண்ணே போறேன்? இப்ப பையனுக்குப் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

ஆனியில் அவள் இன்னொரு முறை விழுந்தாள். கிணற்றடியில். மகள் காரை அனுப்பிவிட்டாள். ஆனி முடியும் வரை, பதினொரு நாள், இவள் திருச்சியில் இருந்தாள். ஆடி பிறந்ததும் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ஆடியில் இந்த ஊரில் கல்யாணம் கிடையாது. மண்டபத்து வாட்ச்மேன் மாடியில் கயிறு கட்டி வேட்டி காயப்போட்டான். அந்த மாதம் முழுவதும் என் மனைவி ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தாள். சுவரைப் பிடிக்காமல் முருங்கை வரை போய் வந்தாள். நான் அதைத் தேதிவாரியாக ஒரு தாளில் குறித்து வைத்தேன், எதற்காவது உதவும் என்று.

பிறகு பதில் வந்தது. பதிவுத் தபால். பார்வை ஒன்று, என் முதல் மனு. பார்வை இரண்டு, என் இரண்டாம் மனு. "மேற்படி மண்டபம் நேரில் தணிக்கை செய்யப்பட்டது. தணிக்கையின்போது எவ்வித ஓசையும் கேட்கவில்லை. மேலும் பார்வை ஒன்றில் மனுதாரரே அதனை மங்கள இசை எனக் குறிப்பிட்டுள்ளார். எனவே மனு முடிவு செய்யப்படுகிறது." கொட்டகையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கடிதத்தில் தணிக்கைத் தேதியும் நேரமும் இருந்தன. தேதியை நாட்காட்டியில் தேடினேன். ஆடி அமாவாசை, பகல் பதினொரு மணி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள் விவசாயிகள். ஆடியைத் தேடித் தணிக்கை செய்வது எங்கள் துறையின் பழக்கம். தெரியாத தந்திரமில்லை. குடவாசலில் இருந்தபோது, வேண்டப்பட்டவர் மண்டபம் ஒன்றை நானே மார்கழியில் தணிக்கை செய்து, ஓசை இல்லை என்று எழுதியிருக்கிறேன். அப்போது மனுக் கொடுத்தவர் வீட்டில் யார் விழுந்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். "மங்கள இசை" என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது நான் எழுதின வார்த்தைல்ல?"

"ஆமா."

"நான் அந்தப் பொண்ணுகளுக்காக எழுதினத, இவங்க என் தலையச் சுத்த விடறதுக்கா வச்சுக்கிட்டாங்க?"

வெளியே மண்டபத்து வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. வாட்ச்மேன் மாடியில் வேட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றை இறக்கினார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது.

"நான் திருச்சிக்குப் போகல" என்றாள். "வெள்ளத்தாள் எடுங்க. இந்தத் தடவ நான் சொல்றேன், நானே எழுதறேன். கையெழுத்தும் என்னோடதுதான். நீங்க ஒப்புநோக்குங்க, போதும்."

"பேரிரைச்சல்ன்னு போடுவியா?"

"போடறேன். அங்க மாலையும் கழுத்துமா நிக்கிற பொண்ணுங்க மன்னிச்சுக்கட்டும்." பேனா மூடியைத் திறந்தவள் நிமிர்ந்தாள். "பார்வை மூணுன்னு இந்தக் கடிதாசியப் போடணுமில்ல? என்னைக்கு வந்துச்சு?"

பழைய வழக்கப்படி, கடிதத்தின் தலையில் இடது மூலையில் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தேன். அதைப் படித்துச் சொன்னேன்: "பெறப்பட்டது, ஆடி மாதம் கடைசித் தேதி."