ஆம்பளை டிக்கெட்

எங்கள் ஊர் மொட்டை மாடியில் நின்றால் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெளிவாகத் தெரியும். பார்க்கத்தான் பக்கம். போய்ச் சேர வேண்டுமென்றால் முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே மெயின் ரோடு வரை நடந்து பஸ் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் ஊர் பாய் ஓட்டும் ஷேர் ஆட்டோ நிறையும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். டவுன்ஷிப் பஜாரில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைப்பது என் வேலை. அதனால் இந்த இரண்டையும் நான் தினமும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று அரசு அறிவித்தபோது எங்கள் ஊரில் யாருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை. டிக்கெட் இலவசம்தான், ஏறுவதற்குத்தான் ஊருக்குள் பஸ் இல்லை. அங்கன்வாடி டீச்சர்தான் முதலில் பேச்சை எடுத்தார். சுயஉதவிக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், நமக்கு வர வேண்டிய இலவசத்தை நாம் கேட்டு வாங்க வேண்டாமா என்றார். என்னவோ மளிகைச் சாமான் கேட்டு வாங்குவது போலத்தான் இருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுக்கக் கடலூருக்குப் போனோம். அன்றைக்கென்று பாயின் ஆட்டோ பஞ்சர். நடந்து, பஸ் மாறி, கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மனு வாங்குகிறவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று ஓர் அதிகாரி கடிந்துகொண்டார். டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே, அதைத்தாங்க இந்த மனுவில் எழுதியிருக்கிறோம் என்றார். அதிகாரி வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார்.

பிறகு பல மாதம் அலைந்தோம். கடைசியில் டெப்போ மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, ஒரு மாதம் மட்டும் எங்கள் ஊருக்கு பஸ்ஸைச் சோதனைக்கு விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் நன்றி சொல்லி எழுந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"லேடீஸ் டிக்கெட் வேணாம்னு சொல்லலம்மா. ஆனா காசு குடுத்து ஏறுற ஆளும் கொஞ்சம் இருக்கணும். அப்பதான் நான் மேல எழுத முடியும்."

வெளியே வந்ததும் டீச்சர் என்னைப் பார்த்தார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரிடமும் பைக் இருக்கிறது. பஸ் கேட்டுப் போராடியபோது ஓர் ஆள்கூட எங்களோடு வரவில்லை. இப்போது அந்த பஸ் நிலைப்பது அவர்கள் கையில் இருந்தது.

ஊர்க் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னோம். ஆண்கள் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் முன்பக்கம் பிங்க் பெயிண்ட் அடித்த பஸ் வந்தது. வாழை மரம் கட்டி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தோம். அதையெல்லாம் ஆண்கள்தான் முன்னால் நின்று செய்தார்கள். பஸ் கிளம்பியதும் அவரவர் பைக்கை எடுத்துக்கொண்டு எங்களை முந்திப் போனார்கள். பஸ்ஸில் இருந்தது முழுக்கப் பெண்கள். கண்டக்டர் இளவயசுப் பிள்ளை. கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஒரு ஆம்பள கூடவா இல்ல இந்த ஊர்ல?" என்று டிரைவரிடம் கவலைப்பட்டார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வீடு பேசி முடிவு செய்தோம். ஒவ்வொரு நடைக்கும் இன்னின்ன வீட்டு ஆண்கள் போக வேண்டும். வேலை இருக்கிறவர்கள் வேலைக்குப் போகட்டும். இல்லாதவர்கள் சும்மா போய்விட்டு வரட்டும். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவருடைய பைக் சாவியை எடுத்து நான் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் போனார்.

சும்மா போய் வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்பி ஏறும்வரை அவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. ஒருத்தர் ஒரே வாரத்தில் மூன்று சலூனில் ஏறி இறங்கினார், கடைசியில் மீசையும் போனது. என் மாமனார் இலவசக் கண் பரிசோதனை முகாமுக்குள் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள் என்று சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறார். அடுத்து அவரை உள்ளே கூட்டிப் போய்ப் பார்த்து, புரை முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் என்று தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் பாய்ந்தார்.

"ஏம்மா, டிக்கெட் எடுக்கத்தான அனுப்புன? கண்ண அறுத்துக்கவா அனுப்புன?"

இதில் எனக்கு மனசு உறுத்தியது பாய் விஷயத்தில்தான். பஸ் வந்தால் அவர் பிழைப்பு போகும் என்று தெரிந்தேதான் மனு எழுதினோம். எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அவர் மட்டும் வழக்கம்போல என்ன தங்கச்சி என்று விசாரித்துவிட்டுப் போவார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாதக் கடைசியில் ஒரு நாள், நாளைக் காலை நடையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆள் கணக்குப் பார்க்க ஏறப்போகிறார் என்று கண்டக்டர் என் காதில் போட்டார். எல்லா வீட்டுக்கும் சொல்லிவைத்தோம். விடிந்தால் நல்ல மழை. ஓர் ஆணையும் காணவில்லை. என் வீட்டுக்காரர் எங்கேயோ மாற்றுச் சாவி செய்து வைத்திருந்தார் போல, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்று இருட்டோடு பைக்கில் கம்பி நீட்டியிருந்தார். பஸ் வந்து நின்றுவிட்டது. உள்ளே இன்ஸ்பெக்டர் தொப்பியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம்.

வேறு வழி தெரியாமல் பாய்க்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனிடம் போய் இதைக் கேட்கிறோமே என்று.

அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பஸ்ஸ அஞ்சு நிமிஷம் புடிச்சு வையி தங்கச்சி, மோட்டார் கொட்டாயில நம்மூரு ஆளுங்க சீட்டு ஆடிக்கினு இருக்கானுங்க" என்றார்.

டீச்சர் டிரைவரிடம் போய் எதையோ தொலைத்துவிட்டதாகச் சொல்லித் தேட ஆரம்பித்தார். என்ன தொலைந்தது என்று டிரைவர் கேட்டதற்கு, கிடைத்ததும் சொல்கிறேன் என்றார். அதற்குள் பாயின் ஆட்டோ சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேரை அவர் காசுக்குக்கூட ஏற்றியதில்லை. உள்ளேயும் வெளியேயும் தொங்கிக்கொண்டு லுங்கியோடு வந்தார்கள். ஒருத்தர் கையில் சீட்டு விசிறி மாதிரி விரித்தபடியே இருந்தது. எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஆட்டோவைப் பூட்டி, பாயும் ஏறி டிக்கெட் வாங்கிக்கொண்டார்.

பஸ் நகர்ந்ததும் இன்ஸ்பெக்டர் டிக்கெட் பார்த்துக்கொண்டே வந்தார். சீட்டு வைத்திருந்தவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"பஸ் எங்க போவுதோ அங்கதாங்க."

"அங்க என்ன வேலை?"

"ஒரு டீ குடிச்சிட்டு இதே பஸ்ல திரும்பிடுவோங்க."

இன்ஸ்பெக்டர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கதை முடிந்தது என்று நினைத்துத்தான் போனோம். ஆனால் அந்த மாதத்துக்குள் ஸ்கூல் பிள்ளைகள், எங்களுக்கு அப்பால் இருக்கிற காலனிக்காரர்கள், குள்ளஞ்சாவடி சந்தைக்குப் பலாப்பழம் கொண்டுபோகிறவர்கள் என்று உண்மையாகவே கூட்டம் சேர்ந்திருந்தது. பஸ் தொடரும் என்றார் மேனேஜர். வழியனுப்பும்போது, "வூட்டு ஆம்பளைங்களையே இந்தப் பாடு படுத்தறீங்க. பஸ்ஸ நிறுத்துனா என்னைய என்ன பண்ணுவீங்களோ" என்றார்.

பாய் இப்போது காலனியிலிருந்து எங்கள் ஊர் பஸ் நிறுத்தம் வரை ஆட்டோ ஓட்டுகிறார். முன்னைவிடக் கூட்டம் என்கிறார். எனக்காகச் சொல்கிறாரா, நிஜமாகவேவா தெரியாது. மாமனாருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு முதல்முறை பஸ் ஏறியவர் கண்டக்டரை உற்றுப் பார்த்துவிட்டு, இந்தப் பொடியனிடமா இத்தனை நாள் சில்லறை வாங்கினேன் என்று கையிலிருந்த சில்லறையைத் திரும்ப எண்ணிப் பார்த்தார்.

போன மாதம் நடுக் கொல்லையில் பஸ் நின்றுவிட்டது. கொஞ்சம் தள்ளினால் கிளம்பிவிடும் என்றார் டிரைவர். ஓசியில் வருகிறவர்கள்தான் தள்ள வேண்டும் என்று ஆண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். காசு கொடுத்தவர்களுக்குத்தான் பஸ் மேல் உரிமை அதிகம், அவர்களே தள்ளட்டும் என்று நாங்கள் உட்கார்ந்துகொண்டோம். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், என் அரிசிப் பானை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் தாங்காது என்று நான்தான் முதலில் இறங்கினேன். பின்னாலேயே எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அன்று நான் கடைக்கு நேரம் கழித்துப் போனேன். பஸ் தள்ளிவிட்டு வருகிறேன் என்றேன். கடைக்கார அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வெள்ளைத் துணியைத் தொடாதே, போய்க் கழுவிவிட்டு வா என்றார்.