சுபமுகூர்த்த நாளும் சுங்கச்சாவடியும்

சுங்கச்சாவடி என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது.

தங்கச்சி மகளுக்கு அரியக்குடிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்து. எங்களில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். 'ஒங்க அண்ணன் எங்க வரப்போறாக' என்று தங்கச்சியின் புகுந்த வீட்டில் முன்பே குத்திக்காட்டியிருந்தார்கள். அதனாலேயே போயாக வேண்டும்.

திருச்சியிலிருந்து காரில் புறப்பட்டோம். ராகுகாலம் கழியட்டும் என்று மனைவி பிடித்து வைத்துவிட்டாள். ஊரில் பாதிப்பேர் அதே ராகுகாலம் கழிவதற்காகக் காத்திருந்தது சுங்கச்சாவடிக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. எங்கு பார்த்தாலும் பட்டுப்புடவை, சீர்த்தட்டு, வாழைமரம் கட்டிய வேன். வரிசை நகரவேயில்லை. முன்னால் இரண்டு வழிகளை அடைத்துப் போட்டிருந்தார்கள்.

இறங்கி நடந்தேன். மேற்பார்வையாளர் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டையும் தொறந்து விடுங்க."

"ஆளு இல்ல சார். வழக்கமா வர்ற வண்டிக்குத்தான் ஆளு போட்ருக்காங்க. இன்னிக்கு இம்புட்டு வரும்னு யாருக்குத் தெரியும்?"

அவர் தலைக்கு மேலேயே தினசரிக் காலண்டர் தொங்கியது. அன்றைய தாளில் சிவப்பு எழுத்தில் சுபமுகூர்த்தம் என்று போட்டிருந்தது. அந்தத் தாளைக் கிழித்து அவர் மேஜைமீது வைத்தேன். "இது போன வருசமே அச்சடிச்சது. ஒங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்குக்கூடப் படிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். காலண்டரைக் கிழித்ததற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

போன் அடித்தது. தங்கச்சி.

"அண்ணே, எங்குட்டு வாரீக? நேரம் போகுதுன்னு இவுக வீட்டுல சத்தம் போடுறாக."

"டோல்கேட்டுல நிக்கிறேன்த்தா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

அவள் பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். தங்கச்சிக்குக் கண் சிவந்திருந்தது.

போட்டோக்காரர்தான் வழி சொன்னார். "மாமா, சும்மா மடியில வச்சுக்கங்க. ஆசாரி ஊசியக் காதுகிட்டப் பிடிக்கட்டும். ஆல்பத்துல யாருக்குத் தெரியப்போகுது?"

வெட்கத்தை விட்டு உட்கார்ந்தேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு மருமகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் வீங்கியிருந்த இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வீறிட்டாள்.

"மாமா வேணாம், மாமா வேணாம்!"