ரோடுதான் சாய்வு

போன வாரம் மகனின் பழைய சரக்கு வண்டியை ஓசூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தோம். முன் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் ஆர்ம் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். கவுண்டரில் இருந்த பெண், "கம்பெனி சாமானா, வெளிச் சாமானா சார்?" என்று கேட்டாள். மகன் வெளிச் சாமான் போதும் என்றான். அவள் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பரும் கிரீஸும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், தொண்ணூறை எட்டிப் பிடிக்கப்போகிற கிழவன் நான், நின்ற இடத்திலேயே இருபத்திரண்டு வயசுக்காரனாகிவிட்டேன்.

அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. தொழிற்பேட்டையெல்லாம் யார் கனவிலும் கிடையாது. பெங்களூர் போகிற ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறையில் நான் மெக்கானிக். மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி. கொட்டகைக்குள் திட்டுவது தெலுங்கில், பேரம் கன்னடத்தில், சாப்பாட்டுப் பேச்சு மட்டும் தமிழில் நடக்கும். எங்களிடம் வருகிற லாரிகளெல்லாம் யுத்தத்தில் அடிபட்டு, ஏலத்தில் விலைபோனவை. அதில் ஒன்றை ஓட்டியவர் வெங்கட்டப்பா. என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னை மேஸ்திரி என்று கூப்பிடுவார், அதில் பாதி கிண்டல்.

அந்த லாரி வியாழக்கிழமைதோறும் தளி வழியாக ஜவளகிரிக்குப் போய் மூங்கில் ஏற்றி வரும். அவர் மனைவி பிரசவத்துக்குப் போயிருந்த தாய்வீடும் ஜவளகிரியில்தான். முதல் குழந்தை பிறந்தபோது அவர் பர்கூர்ப் பக்கம் லோடில் இருந்தார். முகம் பார்க்கப் போவதற்குள் அது போய்விட்டது. இப்போது இரண்டாவது, பெண் குழந்தை. வருகிற வியாழக்கிழமை தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்க நாள் குறித்திருந்தார்கள். முதலாளியிடம் லீவு என்ற பேச்சே எடுபடாது. லாரி போனால்தான் அவரும் போகமுடியும்.

லாரியோ முந்தின வாரமே ஒரு பள்ளத்தில் இறங்கி, முன் அச்சைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகளில் இடது பக்கத்தது வளைந்து ஒடிந்து கிடந்தது. "எப்படியாச்சும் புதங்கெழமைக்குள்ள நிக்க வெச்சிரு மேஸ்திரி. இதையாவது கண்ணால பாத்துர்றேன்" என்றார். பெரிய உடம்புக்காரர். அந்தக் குரல் அவருடையதாகவே இல்லை.

கம்பெனி சாமான் கப்பலேறி வரவேண்டும். பெங்களூரில் பழைய இரும்பு விற்கிற சந்துகளில் அளவு சொன்னால் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். சரி, அளவு? வலது பக்கத்து நல்ல கையைக் கழற்றிக் கொண்டுபோயிருக்கலாம். துருவேறிய போல்ட்டுகள் முறிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பட்டறையில் இருந்த ரூல்தடியும் இரண்டடிதான். எங்கள் ஊர் வழக்கப்படி கற்றாழை நார்க் கயிற்றை ஒரு துளையிலிருந்து மறு துளைவரை இழுத்துப் பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அத்திப்பள்ளியில் பிடித்த மழை பெங்களூர்வரை விடவில்லை. ஜன்னலுக்குப் படுதா இல்லாத பஸ். நான் நனைந்தேன், சட்டை நனைந்தது, கயிறும் நனைந்தது. நனைந்த நார்க் கயிறு சுருங்கும் என்பது மாடு கட்டத் தெரிந்த எவனுக்கும் தெரியும். மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

அந்தக் கயிற்றளவுக்கு அடித்து வாங்கிவந்த கையைப் புதன்கிழமை காலையில் மாட்டப் பார்த்தால், பின்பக்கத் துளையில் இணைப்பு ஆணி இறங்கியது, முன் துளை எட்டவில்லை. அரை விரல்கடை குறைந்தது. அங்கேயே யோசித்திருக்கவேண்டும். நானோ, இடித்த வேகத்தில் அச்சுதான் நகர்ந்திருக்கிறது என்று முடிவுகட்டி, கடப்பாறையைக் கொடுத்து நெம்பி, அச்சைப் பின்னுக்குத் தள்ளி ஆணியை அடித்து இறக்கினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. வெங்கட்டப்பா அண்ணன் அட்டகாசமாக ஹாரனை அமுக்கியபடி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"எப்படிண்ணா போவுது?"

"தங்கமாட்டம் போவுது."

மறுநாள் விடிந்ததும் கிளம்பிப் போனார். வெள்ளிக்கிழமை மூங்கில் லோடோடு வந்தார். இறங்கும்போது பார்த்தேன், இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம், தோள் வீங்கியிருந்தது.

"என்னாச்சுண்ணா?"

"ரோடு ஒரே சாய்வு மேஸ்திரி, எடப்பக்கமே இழுக்குது" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே குழந்தை கதைக்கு வந்துவிட்டார். தொட்டிலில் போடச் சொல்லி அவர் கையில்தான் கொடுத்தார்களாம். ஸ்டீரிங் பிடித்த கை நடுங்கிக்கொண்டே இருந்ததால், கீழே போட்டுவிடுவாரோ என்று மாமியார் பக்கத்திலேயே முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணிலும் தண்ணீர். சாய்ந்த ரோட்டை நானும் நம்பிவிட்டேன்.

மாதங்கள் போயின. ஒருநாள் அதே லாரிக்கு கிரீஸ் வைக்கப் படுத்திருந்தபோது கொட்டகைச் சுவரில் காய்ந்து தொங்கிய பழைய அளவுக் கயிறு கண்ணில் பட்டது. சும்மா வைத்துப் பார்த்தேன். வலது பக்கத்து இரும்புக் கைக்கு முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. இடது கையில் கயிறு தொளதொளத்தது. மழையில் சுருங்கின கயிற்றின் அளவுக்கு அடித்த கை அது என்று வண்டிக்கு அடியிலேயே உறைத்தது எனக்கு. வெளியே வந்து அவரிடம் சொன்னேன், தலையை நிமிர்த்தாமல்.

"தெரியும்" என்றார்.

"எப்போ?"

"நீ மாட்டுன அன்னிக்கே. ஒரு சுத்து சுத்துனதுமே."

"சொல்லக்கூடாதாண்ணா?"

"சொல்லியிருந்தா நீ கழட்டுவ. வியாழக்கெழமை போயிருக்கும்."

"அதுக்கப்புறமாச்சும்?"

"அப்புறம் பழகிப்போச்சு. நீயும் சின்னப் பையன், மொகத்தத் தொங்கப் போட்டுக்குவே. ஹோக்லி பிடு" என்றார். விட்டுத்தள்ளு என்பதை மட்டும் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார்.

சரியான அளவில் வேறு கை அடித்து மாட்டினேன். வண்டி நேராகப் போக ஆரம்பித்ததும், தூக்கம் வருகிறது மேஸ்திரி என்று குறைப்பட்டுக்கொண்டார். லாரி காயலான் கடைக்குப் போனது. தகரக் கொட்டகை நின்ற இடத்தின் மேல் இன்று பாலம் ஓடுகிறது. அவர் போயே முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. தொட்டிலில் கிடந்தவள் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள் என்று கேள்வி.

போன வாரம் ஆர்ம் மாட்டி முடித்ததும் அந்தப் பெண் எங்களைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, பச்சை நிறத்தில் எண்களைக் காட்டினாள். ஒரு நூல்கூட விலகல் இல்லையாம். திரும்பும்போது மகன் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினான். வண்டி பிசகாமல் நேராகப் போனது. எனக்கோ பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கொப்புளம் கட்டிய கையை மடக்கிக்கொண்டு, ரோடுதான் சாய்வு மேஸ்திரி என்று ஒரு தடவை பொய் சொல்லமாட்டாரா என்றிருந்தது.