பின்பக்கத்துச் சத்தம்

என் வீட்டுக்காரருக்குக் காது ரொம்பக் கூர்மை. அந்தக் காதுதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது என்று சொன்னால் என் தம்பி இன்றைக்கும் சிரிக்கிறான். சிரிக்கட்டும். வாழ்ந்தது அவன் இல்லை, நான்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. நாற்பதாம் நாள் அவர் சவுதிக்குப் போய்விட்டார். அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். நான் தென்காசியில் மாமியாரோடு இருந்தேன். பேச வேண்டுமென்றால் டேப் ரெக்கார்டரில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர் யாரிடமாவது கேசட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு தடவை மாமியார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, மனசில் கிடந்ததையெல்லாம் அழுதுகொண்டே பேசி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் கேசட் வந்தது.

"ஏட்டி, நீ பேசும்போது பின்னால டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருதே. அடுக்களைப் பைப்பு ஒழுகுதா? வாசர் மாத்தச் சொல்லு."

பைப்பு ஒழுகியது உண்மைதான். வாசரும் மாற்றினோம். நான் அழுததைப் பற்றி அந்தக் கேசட்டில் ஒரு வார்த்தை இல்லை. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். அவர் காதுக்கு அதுதான் முதலில் கேட்டது, அவ்வளவுதான்.

ஏழு வருஷம் இப்படியே ஓடிப்போனது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம் தேறாது. பிள்ளை இல்லை. தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாம் சோதித்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்காரர ஊர்ல இருக்கச் சொல்லு" என்றார். வேறு மருந்து எதுவும் எழுதவில்லை. அதைத் திரும்பக் கேசட்டில் பேசி அனுப்பினேன், இந்தத் தடவை அழாமல்.

அதற்குப் பலன் இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் வந்தபோது, "இனிமே போவ வேண்டாம்னு பாக்கேன்" என்று அவரே சொன்னார். அரபியிடம் முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பினால் வேலை உண்டு, தாண்டினால் விசா போய்விடும். அந்த ஆறு மாதத்துக்குள் இங்கேயே பிழைப்புக்கு வழி பண்ணிக்கொள்ள வேண்டும். வழியும் யோசித்து வைத்திருந்தார். ஒரு கார் வாங்கிக் குற்றாலம் சீசனுக்கு ஓட்டுவது. சீசன் மூன்று மாதம் நன்றாக ஓடிவிட்டால் மற்ற மாதங்களில் கல்யாணம், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்று தள்ளிவிடலாம். எனக்குக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாது. அவர் இருப்பார் என்பது மட்டும் தெரிந்தது. அன்றைக்கு மாமியார் அடுக்களைக்கு வந்து, எனக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அப்போது புதிதாக வந்திருந்த குட்டிக் கார் அது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் சீக்கிரம் கொடுத்தார்கள். சிவப்பு நிறம், பின்பக்கம் டிக்கி என்று தனியாக நீட்டிக்கொண்டிருக்காது, பின்கதவே மேலே தூக்கும். தென்காசியில் அந்த மாதிரி வண்டி வந்து நின்றது அதுதான் முதலோ இரண்டாவதோ. ஃபாத்திஹா ஓதி, சர்க்கரை கொடுத்து, அவர் மட்டும் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார். மேலகரத்தில் முன்னால் போன பஸ்ஸைத் தாண்டி, கண்ணை மூடித் திறப்பதற்குள் குற்றாலம் போய்விட்டாராம். அப்படிச் சீறுகிறது வண்டி என்று தெருவே பேசியது. இறங்கி வந்தவர் முகம் சரியில்லை.

"பின்னால ஒரு சத்தம் வருது" என்றார்.

"என்ன சத்தம்?"

"கிட்டு கிட்டு கிட்டுன்னு. பள்ளத்துல இறங்கும்போது."

எனக்கு அடுக்களைப் பைப்பு ஞாபகம் வந்தது.

அடுத்த நாளிலிருந்து சத்தம் தேடுவதுதான் அவருக்கு வேலை. காலையில் பல் தேய்த்துவிட்டு வண்டியை எடுப்பார். தனியாகத்தான் போவார், யாரும் கூட வந்தால் பேசுவார்கள், சத்தம் கேட்காது. மேலகரம் வரைக்கும் போய்த் திரும்புவார். பின்கதவில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். ஸ்டெப்னியைச் சாக்கில் சுற்றினார். ஜாக்கியைத் தூக்கி வீட்டில் வைத்தார். என்னுடைய பழைய சேலை ஒன்றைக் கிழித்துச் சந்துபொந்தெல்லாம் திணித்தார். சத்தம் போகவில்லை.

தென்காசியில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், வயசானவர், வீட்டுக்கே வந்து பார்த்தார். வண்டியைச் சுற்றி வந்து நான்கு தட்டுத் தட்டினார்.

"தம்பி, வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். என் முட்டிகூடத்தான் சத்தம் போடுது. நான் நடக்காமலா இருக்கேன்?"

"அங்கன வண்டி ஸ்டார்ட்டாயிருக்கா இல்லயான்னே தெரியாது அண்ணாச்சி. மீட்டர் முள்ளப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிடணும்."

"அது அங்கன. இங்கன ரோடு இருக்கிற லட்சணத்துக்கு இது ராசா வண்டில்லா" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இதற்குள் ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்திருந்தது. பேரருவிக்குப் பக்கத்தில் இருந்த லாட்ஜ் மேனேஜர் ஒருவர் இவரிடம் முன்னாலேயே பேசி வைத்திருந்தார். ரயிலடியிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவது, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று சுற்றிக்காட்டுவது எல்லாம் இவருக்கே என்று ஏற்பாடு. புதுக் கார் என்று மெட்ராஸ் பார்ட்டிகளிடம் சொல்லியும் வைத்துவிட்டார். ஆள் மேல் ஆள் அனுப்பினார். இவர் "நாளைக்கு, நாளைக்கு" என்றார். கடைசியில் மேனேஜரே வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு. என்ன யோசிக்கிய?"

"வண்டில ஒரு சின்ன வேல இருக்கு. ஒரு நாலு நா பொறுங்க."

"ஓடுதுல்லா?"

"ஓடுது."

"பெறவென்ன?"

"ஓடுதுங்கதுக்காவக் குடுக்க முடியுமா?" என்றார் இவர்.

மேனேஜர் என் பக்கம் பார்த்தார். குற்றாலத்தில் அன்றைக்கு ஓடிய வாடகைக் கார்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். ஒன்றில் மழை பெய்தால் டிரைவரே குடை பிடிப்பார். எட்டுப் பேர் ஒன்பது பேர் ஈர வேட்டியும் உடம்பு நிறைய எண்ணெயுமாக ஏறி, மடியில் மடி வைத்து உட்கார்ந்து, பழம் தின்றுகொண்டு போவார்கள். அவர்களுக்கு நடுவில் இவர் ஒரு கிட்டு கிட்டுக்காகச் சீசனை விட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் பேசிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

"வாரவன் அருவில ஒரு மணி நேரம் நின்னுட்டு வாரான். காதுல தண்ணி அடைச்சிக் கெடக்கும். பக்கத்துல இடி விழுந்தாலும் அவனுக்குக் கேக்காது. ஒங்க வண்டிச் சத்தமா கேக்கப் போவுது?"

"அவனுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குமே."

திருநெல்வேலியில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் மூன்று நாள் வண்டியை விட்டார். இது எல்லா வண்டியிலும் உள்ளதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு என் தம்பியை ஓட்டச் சொல்லி, தான் பின்னால் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார். ஆழ்வார்குறிச்சி வரைக்கும் போனார்கள். ஒரு சத்தமும் இல்லை. நான் சந்தோஷமாக டீ போட்டேன். இவர் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கட்ட வண்டி மாரி ஓட்டுத. பின்ன எங்க சத்தம் வரும்?"

தம்பிக்கு ரோஷம் வந்து, அதற்குப் பிறகு அந்த வண்டிப் பக்கமே வரவில்லை.

எங்களையாவது ஒரு நாள் அருவிக்குக் கூட்டிப் போகலாம் இல்லையா? மாமியார் கேட்டே விட்டார். "சத்தம் போவட்டும்மா, எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றார். பின் சீட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. முதல் சவாரிக்குத்தான் பிரிப்பதாம். நானும் மாமியாரும் அந்த வருஷம் பஸ்ஸில் போய் அருவியில் நின்றுவிட்டு வந்தோம். பேரருவியில் கூட்டம் தாங்கவில்லை. தண்ணீருக்குள் நின்று நான் நன்றாக அழுதேன், யாருக்குத் தெரியப் போகிறது?

ஆடி முடிந்தது. ஆவணியில் தண்ணீர் குறைந்தது. கடை போட்டிருந்தவர்கள் தட்டியைப் பிரித்துக் கட்டினார்கள். லாட்ஜ் மேனேஜர் செங்கோட்டைக்காரர் ஒருவரின் பழைய காரைப் பேசி, அந்தச் சீசனை முடித்துவிட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஐப்பசி பிறந்ததும் இவர் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களையிலிருந்து பார்த்தேன். பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"இந்த ஒரு தடவ போயிட்டு வந்துருதேன்" என்றார். "அடுத்த சீசனுக்கு வண்டியச் சரி பண்ணிருவோம்."

"சரி பண்ண வேண்டியது வண்டி இல்ல மச்சான்" என்றேன். அவர் கேட்காத மாதிரி பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்தார். பைப்புச் சத்தம் கேட்கிற காது அது.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியிலேயே புறப்பட்டோம். அவர் ஓட்டினார். திரும்பி வரும்போது ஓட்டுவதற்காக என் தம்பி ரோஷத்தை விட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தான். பின்னால் நானும் மாமியாரும். எங்களுக்கு நடுவில் ஒரு அட்டைப்பெட்டி, அல்வாவும் முறுக்கும் ஊறுகாயும் வைத்து நைலான் கயிற்றால் கட்டியது. பிளாஸ்டிக் உறை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரிக்க யாருக்கும் மனசு இல்லை.

செங்கோட்டை தாண்டி, புளியரை மேட்டில் ஏறி, ஆரியங்காவு வந்தது. ரோடு அங்கே குண்டும் குழியும். வண்டி பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுந்தது. அவர் கொஞ்ச நேரமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். வேகத்தைக் கூட்டினார். அப்புறம் குறைத்தார். ஒரு பெரிய பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினார். மாமியார் "அல்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் வரல்ல" என்றார் அவர்.

தென்மலை வரைக்கும் வரவில்லை. புனலூர் வரைக்கும் வரவில்லை. புனலூரில் டீ குடிக்க நிறுத்தினார். நாங்கள் எல்லாரும் இறங்கினோம். அவர் டீயைக் குடிக்காமல், பின்பக்கம் போய், அட்டைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, காலியாக இருந்த பின் சீட்டைக் கையால் அழுத்தினார். விட்டார். கிட்டு என்றது. மறுபடி அழுத்தினார், விட்டார். கிட்டு. சீட்டுக்குக் கீழே ஏதோ ஒரு தகடு. ஆள் உட்கார்ந்தால் அது அசையாது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"நாலு பேர ஏத்திருந்தா சீசன் முழுக்கச் சத்தமே வந்திருக்காதுல்லா?"

அவர் முகம் செத்துப்போனது. நாற்பது வயசு ஆளின் முகம் அப்படிச் சின்னதாகிப் போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். "திரும்பிருவோம் மச்சான். இந்தா இருக்கு தென்காசி" என்றேன்.

"டிக்கெட்டு போட்டாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு ஏர்போர்ட் வரைக்கும் வண்டி அப்படி அமைதியாக ஓடியது, அவர் ஆசைப்பட்ட மாதிரியே.

வாசலில் மாமியாரைக் கட்டிப்பிடித்தார். தம்பி கையைப் பிடித்துச் சாவியைக் கொடுத்தார். என் முன்னால் வந்து நின்றார். சுற்றிலும் எங்களைப் போல எத்தனையோ குடும்பம் அழுதுகொண்டிருந்தது. நான் அழவில்லை, அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டி எடுக்கும்போதெல்லாம் பின் சீட்டுல யாரையாச்சும் உக்கார வச்சுக்கோங்க, என்ன?" என்றார்.

"யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.