குமிழில் போட்ட வெள்ளைக் கோடு

நம்புங்கள் என்று நான் கெஞ்சப் போவதில்லை. கீழே உள்ள நேரங்களை அன்றிரவே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நடந்தது இதுதான்.

பாலோ என்ற சிற்றூர்ப் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குன்று. அதன் மேல் சிறிய வானாய்வுக்கூடம். சனிக்கிழமைதோறும் பொதுமக்கள் வருவார்கள். கீழே, என்னோடு வேலை செய்யும் லோஷினி விளக்கம் சொல்லி, ஆளுக்கொரு டேக் கொடுத்து அனுப்புவாள்; இறங்கும்போது திருப்பி வாங்கிக்கொள்வாள். மேலே தொலைநோக்கியில் நான். வாரம் முழுக்க பேக்டரி வேலை. சனிக்கிழமை இரவு நின்றபடியே தூங்குவேன்.

ஒவ்வொருவர் கண்ணுக்கும் தக்கபடி ஃபோகஸ் குமிழைத் திருப்பித் தர வேண்டும். நாற்பது பேருக்கு நாற்பது முறை. அலுத்துப்போய், நவம்பர் முதல் வாரம் குமிழில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். கோடு நேர் மேலே நின்றால் போதும், எல்லாருக்கும் அதே ஃபோகஸ். கண்ணாடியைக் கழற்றச் சொல்வேன். "தெரியுதா?" என்பேன். "தெரியுது" என்பார்கள். அடுத்த ஆள்.

நவம்பர் 15. பதிவு செய்தவர்கள் நாற்பது, வந்தவர்கள் முப்பத்தெட்டு. சனிக்கிரகம்தான் அன்றைக்கும். "கோயில்ல ஒம்பது சுத்து சுத்தியும் விடல, இங்கயும் மூஞ்சியக் காட்டணுமா லா" என்று ஒருவர் சொல்ல, வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

10.20க்கு எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வாக்கி டாக்கியில் லோஷினி.

"அண்ணே, முப்பத்தெட்டு டேக்கும் வந்துருச்சு. மூடிட்டு வாங்க."

தூரத்தில் இடி. மழைக்கு முன் கூரையை மூட வேண்டும். காலை ஆறு மணிக்கு ஷிப்ட். குமிழைப் பார்த்தேன். கோடு மேலே இல்லை. குமிழ் கால் சுற்று உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. யாரோ கிட்டப்பார்வைக்காரர் திருப்பியிருப்பார். சரி செய்தேன். 10.24.

தொலைநோக்கியின் மூடியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மறுபடியும் மாறியிருந்தது. அதே கால் சுற்று.

10.26. சரி செய்தேன். இந்த முறை கையை எடுக்கவில்லை.

என் விரலுக்கடியில் குமிழ் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது...

பார்ப்பவர்கள் ஏறி நிற்கும் பலகை 'கிறீச்' என்றது.

கண்வில்லை மங்கியது. மூச்சுக்காற்று பட்டதுபோல்... என் மூச்சல்ல.

கோடாலித் தைல வாசம்.

ஓட நினைத்தேன். வாயில் வந்தது பழகிய கேள்விதான்.

"தெரியுதா?"



குமிழை நானே முழுதாகத் திருப்பினேன். கால் சுற்று.

"தெரியுதா?"

'கிறீச்'... யாரோ இறங்கினார்கள்.

10.31.

அடுத்த சனிக்கிழமை, கஸ்தூரி என்ற பெண் தனியாக வந்தார். போன வாரம் வராத இருவரில் ஒருவர். இன்னொருவர் அவருடைய அம்மா வெள்ளையம்மா. பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, இறந்துவிட்டாராம். அதற்கு முந்தைய சனிக்கிழமை, எட்டாம் தேதி, இங்கே வந்திருக்கிறார். எனக்கு முகம் நினைவில்லை.

கஸ்தூரி கைப்பையிலிருந்து அம்மாவின் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். கனத்த கிட்டப்பார்வைக் கண்ணாடி, பவர் மைனஸ் எட்டு. கோடாலித் தைலம் மணந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் தொலைநோக்கியில் அது சரியாகக் கால் சுற்று.

எட்டாம் தேதி பார்த்தாரா என்று கேட்டேன்.

"எங்க பாத்தாங்கண்ணே... கண்ணாடி இல்லாம அம்மாவுக்கு எல்லாம் மங்கல்தான். 'அந்தத் தம்பி பாவம், ரொம்பக் களைச்சிருந்துச்சு. அதான் தெரியுதுன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் போய்ச் சரியாப் பாத்துக்கறேன்'னாங்க."