மைக்குழலில் போட்ட முத்து

போன மாதம் என் மருமகளின் பேனா நின்றுபோனது. கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ஆசைப்பட்டு வாங்கிய மைப்பேனா. இரண்டு வரி எழுதும், அப்புறம் வெறும் கீறல்தான் விழும். உள்ளே இருக்கிற மைக்குழலை மாற்றியே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். கன்வெர்ட்டர் என்று அதற்கு இப்போது பெயர். இங்கே கொண்டா என்று வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரை உறிஞ்சவும் துப்பவும் வைத்து, பத்து நிமிடத்தில் எழுத வைத்துக் கொடுத்தேன். அவள் பேனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சு" என்றேன்.

மேலே கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவள். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கேட்காமல் போனதால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடுகிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பிழை இருந்தால் அவள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த விடமாட்டேன்.

என் அப்பா தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கிளார்க். அப்போது பழைய துறைமுகந்தான். கப்பலில் வந்து இறங்குகிற சரக்குக்கெல்லாம் இங்கிலீஷில் காகிதம் எழுதுவது அவர் வேலை. அவருடைய இங்கிலீஷ் கையெழுத்துக்கு ஊரில் பெயர் இருந்தது. எழுதத் தெரிந்ததை வீணாக்கக் கூடாது என்றோ என்னவோ, பால்காரருக்கும் இங்கிலீஷில்தான் சீட்டு எழுதி வைப்பார். அதைப் பால்காரர் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது கொடுத்து, நாளைக்குப் பால் வேண்டாம் என்று தெரிந்துகொண்டு வருவார்.

ஒரு கப்பல்காரர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவுக்கு ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊர்ப் பேனாக்களில் சொட்டுச் சொட்டாக மை ஊற்றுவோம். இது அப்படி இல்லை. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் குழல், அதன் வாலில் ஒரு திருகு. நிப்பை மையில் முக்கித் திருகினால் தானே உறிஞ்சிக்கொள்ளும். அப்பா அதைப் 'பம்பு' என்பார். ஒரு மாதம் ராஜாவாக எழுதியது. பிறகு படுத்துவிட்டது.

அப்பா செய்ததுதான் காரணம். திருகு இறுகியிருக்கிறது என்று குழலுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டார். எங்கள் வீட்டில் கதவுக் கீல் முதல் காதுவலி வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. எண்ணெய் போன இடத்தில் மை ஒட்டுமா? குழல் நிறைய மை இருந்தும் நிப்பு காய்ந்துகிடந்தது. ஆபீஸில் நாலு பேர் முன்னால் மானம் போயிற்று என்று வந்து, பேனாவை மேசையில் எறிந்தார்.

அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறேன். சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பு மாடியில். மாடி ஜன்னலில் கப்பல் தெரியும். அதைவிட, ஆறாம் வகுப்பிலிருந்துதான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பார்கள். அப்பா எழுதுவதை என்றைக்காவது நான் படித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. அண்ணன் படித்துவிடுவான், படித்துவிட்டு, "ஒனக்கென்னளா தெரியும்" என்பான். அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை. வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்ற பேச்சு அடுப்படியில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அதனால் அப்பா பேனாவை எறிந்த நேரம் பார்த்துப் போய்க் கேட்டேன்.

"அப்பா, நான் ஆறாம் வகுப்புக்குப் போவட்டா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவைத்தான் பார்த்தார்.

"மொதல்ல இந்தச் சனியன் எழுதட்டும். பெறவு பாக்கலாம்."

வேறு யாராவதாக இருந்திருந்தால் எரிச்சலில் சொன்ன பேச்சு என்று விட்டிருப்பார்கள். நான் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டேன். பேனா எழுதினால் மாடி. அவ்வளவுதான் என் கணக்கு.

அப்பா ஆபீஸ் போனதும் பேனாவைக் கழற்றினேன். துவைக்கிற சோப்பில் ஒரு துணுக்கைத் தண்ணீரில் கரைத்து, உறிஞ்ச வைத்து, குலுக்கித் துப்ப வைத்தேன். எண்ணெய் போகிற வரைக்கும் அதையே செய்தேன். பிறகு நல்ல தண்ணீர், நுரை நிற்கிற வரைக்கும். நிப்பையும் அதன் அடியில் இருக்கிற நாக்கையும் ஒரு நாள் முழுக்கக் கிண்ணத்தில் ஊறப்போட்டேன். காய்ந்த மை நூல் நூலாகப் பிரிந்து வந்தது. கோழி கிண்ணத்தில் வாய் வைக்காமல் நானே காவல்.

அப்படியும் ஒரு நோய் மிச்சம் இருந்தது. குழலின் பின்பக்கம் மை ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுத்தது, நடுவில் காற்று. விரலால் சுண்டினால் இறங்கும். அரைப் பக்கம் எழுதியதும் மறுபடி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே உருளுகிற மாதிரி ஏதாவது கிடந்தால் மையைத் தள்ளிக்கொண்டு வரும் என்று தோன்றியது. கடுகு ஒன்றைப் போட்டேன். இரண்டு நாளில் அது ஊறித் தோலுரிந்து வாயை அடைத்தது. ஊசியால் குத்தி எடுத்தேன்.

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னளா, பேனாவுக்குத் தாளிச்சுப் போடுதியா?"

"அம்மா, ஊறாத கடுகு இருக்கா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தாள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவளுடைய அப்பா கொடுத்த தூள் முத்துகள். கோக்கவும் முடியாத பொடிசு, விற்கப் போனால் யாரும் வாங்க மாட்டார்கள், ஆனாலும் முத்து. அதில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எழுதட்டும்" என்றாள்.

முத்து குழலுக்குள் போய் 'டிக்' என்று விழுந்தது. பேனாவைச் சாய்த்தால் மேலும் கீழும் ஓடியது, பின்னாலேயே மையும் ஓடியது. அப்பா காலமான பிறகு அந்தப் பேனா என் கைக்கு வந்தது. திறந்து பார்த்தேன். முத்து இல்லை. பழைய மையில் புளிப்பு உண்டு, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அது பிறகு நடந்த கதை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பேனா எழுதுகிறது.

மறுநாள் காலையில் அப்பாவிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து நிப்பை வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார். ஒற்றுத்தாளைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு போயிற்று. முக்கால் பக்கம். நடுவில் ஒரு தடவை நிறுத்தி யோசித்தார். நிப்பு காய்ந்திருக்குமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி தொட்டதும் எழுதியது.

"எங்கயும் நிக்கலல்லாப்பா?"

"நிக்கலளா. ஒனக்குக் கைராசி இருக்கு" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. தாளை மடித்துக் கொடுத்தார். "இத ஒங்க பெரிய சிஸ்டர்ட்ட குடுத்துரு."

வாசலில் அம்மா கூப்பிட்டு நிறுத்தி, என் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அது முதலிலேயே நன்றாகத்தான் கட்டியிருந்தது.

பெரிய சிஸ்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"இங்கிலீஷ் அடுத்த வருசந்தான சிஸ்டர்" என்றேன். அதோடு விட்டேனா? "பேனாவ நாந்தான் சரி பண்ணேன். ஒரு எடத்துலயாவது மை நின்னுருக்கா பாருங்க."

அவர் தாளைப் பார்த்தார். "நிக்கலைம்மா" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து, சீவாத புதுப் பென்சில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பேனாவைச் சரி செய்ததற்குப் பரிசு என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் பார்க்கிறவர்களிடம் காட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று குளித்துத் தலைசீவி நின்றேன். தம்பி பிறந்து இருபது நாள். அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆறாம் வகுப்புக்கு."

"ஒன் பேரத்தான் எடுத்தாச்சே" என்றார். "லெட்டர நீதான கொண்டு போய்க் குடுத்த?"

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நினைவுபடுத்துகிற மாதிரிதான் சொன்னார். உள்ளே பிள்ளை அழுதது. அம்மா என்னைக் கூப்பிடவில்லை. அவளே எழுந்து போய்த் தூக்கினாள்.

"பேனா திரும்பவும் நின்னுட்டாப்பா?" என்று கேட்டேன்.

அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. எழுதினால் மாடி என்பதுதானே பேச்சு? மாடி இல்லை என்றால், பேனாவில் நான் எதையோ சரியாகச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும். அவர் பையிலிருந்து பேனாவை நானே எடுத்தேன். காது பக்கம் வைத்துச் சாய்த்தேன்; முத்து ஓடுகிற சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து என் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன்.

ஒரு இடத்திலும் மை நிற்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன்.