பக்கத்துக் காம்பரா ஃபிரிட்ஜும் என் வயிற்றுக் கொழுப்பும்

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆனது. உட்காரும்போதெல்லாம் வெட்கம் வந்து எழுந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் பசறைப் பக்கம் எங்கள் தோட்டம். மலையேறி வேலை செய்த காலத்தில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும் கயிறு இரண்டு சுற்று வரும். வேலையை விட்டு வீட்டோடு இருந்த பிறகு ஒரு சுற்றுக்கே எட்டவில்லை. உடம்பு தேறிவிட்டதே என்று முருகனுக்குக் கற்பூரம் கொளுத்தினேன். பின்னாலேயே சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசியும் வந்தது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் மட்டும்தான் ஃபிரிட்ஜ். அந்த வீட்டு மருமகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி. ஒல்லிப் பிள்ளை. தன் மருந்தோடு என் மருந்தையும் வைத்து, தினமும் காலையில் வாசலுக்கே கொண்டுவந்து தருவாள்.

அவளுக்குக் கொஞ்ச மருந்திலேயே சீனி இறங்கியது. எனக்கு அளவைக் கூட்டியும் இறங்கவில்லை. கால்விரலில் புண் ஆறாமல் கிடந்தது. விரலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒருநாள் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில், தண்ணீருக்கு நின்ற எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

“என் மருந்த வெளிய எடுத்துவச்சிட்டு மீனையா உள்ள வச்சிருக்க? உன் மருந்து மட்டும் வேலை செய்யுதே.”

“ரெண்டும் ஒரே தட்டுலதான் இருக்கு அத்தை” என்றாள். பாதிக் குடத்தோடு போய்விட்டாள்.

அந்த வாரமே புண்ணுக்காகப் பதுளை ஆஸ்பத்திரி வார்டில் படுத்தேன். அங்கே அவர்கள் ஃபிரிட்ஜில் வைத்த மருந்து. அதற்கும் என் சீனி லேசில் இறங்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பிள்ளைமேல் வீண்பழி போட்டுவிட்டேனோ என்று தோன்றியது. டாக்டர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“மருந்துல குறை இல்லம்மா. வயசும் எடையும் கூடுனா வயித்துக் கொழுப்பு இன்சுலின் பேச்சக் கேக்காது” என்றார். அடங்கிக் கிடக்க வேண்டிய கொழுப்பு ரத்தத்தில் கசியுமாம். அதனால் சீனியும் சதைக்குள் போகாமல் ரத்தத்திலேயே நிற்குமாம். அந்தப் பிள்ளை உடம்பில் இன்சுலின் ஊறாத குறைதானாம். கொடுத்தால் உடம்பு கேட்கிறதாம்.

அளவை மாற்றித் தந்தார்கள். முருகன் புண்ணியத்தில் விரல் தப்பியது. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“பீலியடியில வந்து சொல்லுங்க அத்தை.”

போய், எல்லார் முன்னாலும் சொன்னேன். மறுநாள் காலையில் மருந்தோடு வாசலில் நின்றாள். “மீன் வாசம் வருதான்னு பாத்துக்குங்க” என்றாள்.

புண் ஆறியதிலிருந்து சாயங்காலம் கோயில் மேடு வரை அவளோடுதான் நடக்கிறேன். எடை கொஞ்சம் குறைந்தது. டாக்டர் அம்மா மருந்தையும் குறைத்தார். அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்த கடவுளுக்கு நாளும் நன்றி சொல்கிறேன்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கொழுப்புக் கதையை மட்டும் சொல்லி, நான் அவள்மேல் போட்ட பழியை விட்டுவிடாதீர்கள். உள்ளபடியே சொல்லுங்கள்.